ஹாலிஸ்டர் குன்றுகள்: மண் பாதைக்கு வேலி வந்த கதை

மோட்டார் சைக்கிள் என்றதும் நம்மில் பலருக்குத் தார்ச் சாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் தார் முடிகிற இடத்தில்தான் பயணமே ஆரம்பம் என்று நினைக்கிற ஒரு கூட்டம் அமெரிக்காவில் உண்டு. மரவேர், உருளும் கல், சேறு, செங்குத்தான ஏற்றம்... இவைதான் அவர்களுக்கு விருந்து. இதற்கென்றே தயாரான பைக்குகள் இருக்கின்றன. இதற்கென்றே அரசாங்கம் நடத்தும் பூங்காக்களும் இருக்கின்றன! கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்ற சிறிய ஊருக்குத் தெற்கே உள்ள ஹாலிஸ்டர் ஹில்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. 1975-ல் அந்த மாநிலம் இந்த வகையில் முதன்முதலாக உருவாக்கிய பூங்கா இதுதான்.

சனிக்கிழமை காலையில் அங்கே போனால் பிக்கப் லாரிகளிலிருந்து பைக்குகளை இறக்கும் காட்சியைப் பார்க்கலாம். முழங்கால் கவசம், மார்புக் கவசம், கன்னத்தை மூடும் ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு பத்துப் பேர் ஒரு குழுவாகக் கிளம்புவார்கள். பாதை தெரிந்தவர் முன்னால் போவார். அனுபவமுள்ள இன்னொருவர் கடைசியில் வருவார். வழி பிரிகிற இடம் வந்ததும் தலைவருக்கு அடுத்து வருபவர் அங்கேயே நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கையால் திசை காட்டுவார். கடைசி ஆள் வந்த பிறகுதான் அவர் நகரலாம். அடுத்த பிரிவில் வேறொருவரின் முறை. எதிரே யாராவது வந்தால், தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று விரல்களால் காட்டுவார்கள். மூடிய முஷ்டி என்றால் “நான்தான் கடைசி” என்று அர்த்தம்.

நுழைவுக் கட்டணம் உண்டு. பைக்கில் பதிவு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். சைலன்சரில் தீப்பொறி வெளியே பறக்காமல் தடுக்கும் வலை இருக்க வேண்டும், ஏனென்றால் கோடையில் அந்தக் குன்றுகளில் புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். சத்தத்துக்கும் வரம்பு உண்டு: 1986 முதல் தயாரான வண்டி என்றால் 96 டெசிபல்.

காட்டுத்தனமான விளையாட்டுக்கு இவ்வளவு சட்டதிட்டமா என்று தோன்றலாம். மண்ணில் வண்டி ஓட்ட யாராவது காசு கொடுப்பார்களா என்றும் கேட்கலாம். அதற்கான பதில் இந்த ஊரின் பழைய கதையிலிருந்தே தொடங்குகிறது.

ஊரைக் கலக்கிய ஜூலை 4

ஹாலிஸ்டரில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே மோட்டார் சைக்கிள் கூட்டங்கள் நடந்ததுண்டு. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் ஆதரவில் ‘ஜிப்ஸி டூர்’ என்ற பெயரில் ஓட்டிகள் பல ஊர்களிலிருந்து கிளம்பி ஓரிடத்தில் கூடுவார்கள். பந்தயம் நடக்கும், சாப்பாடு நடக்கும், ஊர் வியாபாரிகளுக்கும் நல்ல வருமானம். போரால் நின்றுபோன இந்த விழா 1947 ஜூலை 4 சுதந்திர தின விடுமுறையில் மீண்டும் நடந்தது. அப்போது ஊரின் மக்கள்தொகை சுமார் 4,500. வந்த ஓட்டிகளோ ஏறக்குறைய 4,000 பேர்!

குடித்தார்கள், பிரதான வீதியிலேயே பந்தயம் விட்டார்கள், பாட்டில்களை உடைத்தார்கள். ஐம்பது பேர் அளவில் கைதானார்கள், அறுபது பேர் அளவில் காயமடைந்தார்கள். பெரும்பாலும் குடிபோதை, ஒழுங்கீனம் போன்ற சில்லறைக் குற்றங்கள்தான். ஆனால் ‘லைஃப்’ பத்திரிகை ஜூலை 21 இதழில் ஒரு முழுப் பக்கப் படம் வெளியிட்டது. ஹார்லி டேவிட்சன் மீது ஒரு பருத்த மனிதர், இரண்டு கையிலும் பாட்டில், சக்கரத்தைச் சுற்றித் தரையெங்கும் காலி பாட்டில்கள். அந்தப் பாட்டில்களைப் படத்துக்காகவே அடுக்கினார்கள் என்று பின்னாளில் பேச்சு எழுந்தது. எழுந்து என்ன பயன்? படம் வேலையை முடித்துவிட்டது. அந்தச் சம்பவத்தைத் தழுவி ஒரு சிறுகதை வந்தது, அதிலிருந்து 1953-ல் மார்லன் பிராண்டோ நடித்த ‘தி வைல்ட் ஒன்’ படம் வந்தது. பைக்கில் கூட்டமாக வருகிறவர்கள் ரவுடிகள் என்ற எண்ணம் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களில் ஆழமாகப் பதிந்தது.

வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் மண் பாதைகளுக்குப் பூட்டுப் போட வைத்தது இந்த ரவுடிகள் அல்ல. அதைச் செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களோடு வெளியே வந்த சாதாரண மனிதர்கள்.

எடை குறைந்தது, கூட்டம் சேர்ந்தது

1940-களின் ஹார்லியும் இந்தியனும் 200 கிலோவைத் தாண்டும் யானைகள். அவற்றைக் குன்றின் மேல் ஏற்ற உடம்பில் தெம்பும் கொஞ்சம் பைத்தியமும் வேண்டும். 1950-களில் டிரையம்ஃப், மாட்ச்லெஸ், பி.எஸ்.ஏ. போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் பாலைவனப் பந்தயங்களை ஆண்டன. பிறகு சுவீடனின் ஹஸ்க்வர்னா, ஸ்பெயினின் புல்டாகோ என்று இலகுவான டூ ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. 1968-ல் யமஹா, டிடி-1 என்ற 250 சிசி வண்டியை அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. (ஆர்எக்ஸ் 100-ன் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இன்ஜினின் குணத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) விலை மலிவு. விளக்கு இருப்பதால் வீட்டிலிருந்தே ஓட்டிப் போகலாம், தார் முடிந்ததும் அப்படியே காட்டுக்குள் இறங்கலாம். யமஹா எதிர்பார்த்ததை விட வேகமாக வண்டி விற்றுத் தீர்ந்தது. மற்ற ஜப்பானிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன.

1971-ல் புரூஸ் பிரவுன் எடுத்த ‘ஆன் எனி சண்டே’ என்ற ஆவணப்படம் இந்த அலைக்கு இன்னும் காற்று சேர்த்தது. படத்துக்குப் பணம் போட்டு, தானும் அதில் பைக் ஓட்டியவர் நடிகர் ஸ்டீவ் மெக்வீன். பிராண்டோவின் படத்தில் பயமுறுத்திய பைக், இந்தப் படத்தில் சிரித்தது. ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம் அது.

எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதற்கு ஜனாதிபதி நிக்சனே சாட்சி. 1972 பிப்ரவரி 8 அன்று அவர் பிறப்பித்த 11644-ஆம் எண் ஆணையின் முகப்பிலேயே, பனி வண்டிகள், மணல் வண்டிகள் எல்லாம் சேர்த்து நாட்டில் சுமார் 50 லட்சம் சாலை சாரா வண்டிகள் ஓடுவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பொது நிலங்களில் எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று ஒவ்வொரு துறையும் எல்லை வகுக்க வேண்டும் என்பது ஆணை. அதுவரை “கூடாது” என்று எழுதி வைக்காத இடமெல்லாம் “ஓட்டலாம்” என்றுதான் அர்த்தம். இனிமேல் கேள்வியே மாறிவிட்டது.

பாலைவனத்தில் மூவாயிரம் பேர்

கூட்டம் என்றால் எப்படிப்பட்ட கூட்டம் என்பதை அறிய மொஹாவி பாலைவனத்துக்குப் போக வேண்டும். கலிபோர்னியாவின் பார்ஸ்டோவிலிருந்து நெவாடாவின் லாஸ் வேகாஸ் நோக்கி 1967 முதல் ஆண்டுதோறும் நவம்பர் மாத நன்றி நவிலல் விடுமுறையில் ஒரு பந்தயம் நடந்தது. ஏறக்குறைய 240 கி.மீ. தூரம், அதிகமும் மண்ணும் மணலும் கல்லும்தான். தொடக்கம்தான் இதில் உச்சக் காட்சி. ஓட்டிகள் எல்லோரும் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக நிற்பார்கள். தொலைவில் பழைய டயர்களைக் கொளுத்திக் கரும்புகை எழுப்புவார்கள். அந்தப் புகைதான் திசை. கொடி இறங்கியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் புகையை நோக்கிப் பாய்வார்கள். சில நிமிடங்களில் புழுதியைத் தவிர எதுவும் தெரியாது.

1974-ல் கலந்துகொண்டவர்கள் சுமார் 3,000 பேர். அந்த நிலத்துக்குப் பொறுப்பான மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம், அந்த ஆண்டுப் பந்தயத்தை முன்னும் பின்னும் கவனித்துப் பதிவு செய்தது. மண், செடிகள், சிறு பிராணிகள், தொல்பொருள் இடங்கள் என எல்லாவற்றிலும் சேதம் கண்டது. 1975-ல் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வெறும் பாலைவனம்தானே, அதில் கெட என்ன இருக்கிறது என்று அன்றைய ஓட்டிகள் கேட்டார்கள். நேர்மையான கேள்விதான். ஆனால் பாலைவனத்தின் மேல்மண் வெறும் தூசி அல்ல. பாசியும் நுண்ணுயிர்களும் பிணைந்து ஒரு மெல்லிய பொருக்காக இறுகி, காற்றிலும் மழையிலும் மண் போகாமல் காக்கின்றன. டயர் அதை உடைத்தால் மீண்டும் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். 1942 முதல் 1944 வரை ஜெனரல் பேட்டன் தொடங்கிய பயிற்சி மையத்தில் டாங்கிகள் ஓடிய தடங்கள் இதே மொஹாவியில் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. மழை வளமான நிலத்தில் இரண்டு பருவமழை செய்கிற வேலையை அந்த மண் எண்பது வருடத்திலும் செய்து முடிக்கவில்லை!

ஓட்டிகள் சும்மா இருக்கவில்லை. ‘பாலைவனத்தின் மாய வாத்து’ என்ற புனைபெயரில் அழைப்பு வரும். குறிப்பிட்ட நாளில் ஆட்கள் பார்ஸ்டோ பக்கம் “தற்செயலாக” வந்து சேர்வார்கள். பந்தயம் இல்லை, அமைப்பாளர் இல்லை, ஆனால் எல்லோரும் லாஸ் வேகாஸ் பக்கமாகவே போவார்கள். 1975-க்குப் பிறகு பல ஆண்டுகள் இப்படி எதிர்ப்பு ஓட்டங்கள் நடந்தன. பொது நிலம் என்றால் பொதுமக்களுடையது, எங்களைத் தடுக்க நீ யார் என்பதுதான் அவர்கள் வாதம். அந்த வாதத்தில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. பாலைவன ஆமையிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை என்பதுதான் அதிலுள்ள ஓட்டை.

1983-ல் கட்டுப்பாடுகளோடு பந்தயம் திரும்பி வந்தது. ஆனால் அதே ஆமைதான் கடைசியில் கதையை முடித்தது. மொஹாவியின் பாலைவன ஆமைகள் வேகமாகக் குறைந்து வந்ததால் 1989-ல் அவசரப் பாதுகாப்பும், 1990-ல் ‘அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம்’ என்ற தகுதியும் அவற்றுக்குக் கிடைத்தன. 1989 நவம்பரில் நடந்ததே கடைசிப் பந்தயம்.

எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் போட்ட சட்டம்

பாலைவனத்தில் இப்படி என்றால் ஊர்ப்புறக் குன்றுகளில் வேறு தகராறு. பண்ணைக்காரரின் கம்பி வேலியை வெட்டிவிட்டு உள்ளே புகுவார்கள். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள், மாடுகள் ரோட்டுக்கு வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் ஞாயிறு முழுக்க இன்ஜின் சத்தம். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை என்றாலும் பத்தில் ஒருவன் செய்தால் போதும்.

இந்த நிலையில்தான் 1971-ல் கலிபோர்னியா சட்டமன்றத்தில் ஒரு வினோதக் கூட்டணி உருவானது. ஒருவர் ஜீன் சாப்பி, மலைப்பகுதியைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர். இன்னொருவர் எட்வின் ஸ்பெர்க், சேக்ரமெண்டோவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரர், சுற்றுச்சூழல் சட்டங்களுக்காகப் பேர் பெற்றவர். இருவர் பெயரையும் தாங்கி வந்த சட்டத்தின் தர்க்கம் எளிமையானது. காட்டில் ஓடும் வண்டியும் பங்கில்தான் பெட்ரோல் போடுகிறது. அந்தப் பெட்ரோலுக்கான வரி நெடுஞ்சாலைகளுக்குப் போகிறது. ஆனால் அந்த வண்டி நெடுஞ்சாலையில் ஓடவே இல்லையே! ஆகவே அந்தப் பங்கைப் பிரித்தெடுத்து, வண்டிகளின் பதிவுக் கட்டணத்தையும் அதோடு சேர்த்து, மண் பாதைகளுக்கான தனி நிதியாக வைக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஓட்டுவதற்கு இடம் வாங்கலாம், காவலர்களை வைக்கலாம், கெட்ட இடத்தைச் சரிசெய்யலாம்.

ஓட்டிகள் தரப்பில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இலவசமாக இருந்ததற்குக் கட்டணம் கட்டுவதா என்றார்கள். சூழலியலாளர்களில் சிலருக்கும் பிடிக்கவில்லை. நாசம் செய்கிறவர்களுக்கு அரசே இடம் வாங்கித் தருவதா என்றார்கள். இரண்டு பக்கமும் முணுமுணுத்த சட்டம்தான் அரை நூற்றாண்டைத் தாண்டி நின்றது.

அந்த ஏற்பாட்டின் முதல் பெரிய பலன்தான் ஹாலிஸ்டர் ஹில்ஸ். அங்கே ஹாரிஸ் குடும்பத்தின் பண்ணையில் ஏற்கெனவே மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். 1975-ல் மாநிலம் அதை வாங்கியது. 1947-ல் நாடு முழுக்க எந்த ஊரின் பெயர் மோட்டார் சைக்கிள் அட்டகாசத்துக்கு உதாரணமானதோ, அதே ஊரின் பெயரில் அரசாங்கமே மோட்டார் சைக்கிள் பூங்கா திறந்தது. இருபத்தெட்டே வருடம்!

பிளவின் மேல் ஒரு பூங்கா

இந்த இடத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பூகம்பத்துக்குப் பேர் போன சான் ஆண்ட்ரியாஸ் பிளவு பூங்காவின் ஊடாகவே செல்கிறது. இந்தப் பகுதியில் பிளவு ஒரேயடியாக உடையாமல், ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் மெல்ல மெல்ல நகர்கிறது. பக்கத்தில் பிளவின் மேலேயே கட்டிய ஒயின் ஆலை ஒன்றின் சுவரும் தரையும் வருடா வருடம் விலகிக்கொண்டிருப்பதை 1950-களிலேயே நிலவியலாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஓட்டிகளுக்கு இது டயரில் தெரியும். பிளவின் தென்மேற்கே கிரானைட்டும் சுண்ணாம்புக் கல்லும் உதிர்ந்த மண். மறுபக்கம் சரளை, மணல், களிமண். செடி கொடிகளும் அதற்கேற்ப மாறும். ஒரே காலைப் பயணத்தில் இரண்டு ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். மழை பெய்தால் பாதைகளை மூடிவிடுவார்கள், மண் காய்ந்த பிறகுதான் திறப்பார்கள். ஈர மண்ணில் ஒரு குழு ஓட்டிவிட்டுப் போனால் சக்கரத் தடம் பள்ளமாகும். அடுத்த மழையில் பள்ளம் வாய்க்காலாகும். அதற்கடுத்த மழையில் சரிவே கீழே வரும். 1987-ல் சட்டம் திருத்தப்பட்டு 1991-ல் மண் பாதுகாப்பு விதிகள் வந்தன. அதன்படி பாதையைத் தரமாகப் பராமரிக்க முடியாவிட்டால் மூடிவிட வேண்டும். குறுக்கே மேடு கட்டித் தண்ணீரைத் திருப்புவது, வழிந்து வரும் வண்டலைக் குட்டையில் தேக்குவது, நைந்த பாதைக்கு ஓய்வு கொடுப்பது... பூங்கா ஊழியர்களின் வேலையில் பாதி இதுதான். ஏரி வரத்துக்கால் பார்க்கிற விவசாயிக்குப் புரிகிற வேலை.

பாதைகளுக்குப் பனிச்சறுக்கு மைதானங்களைப் போலக் குறியீடு உண்டு. பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். புதிதாக வந்தவன் கறுப்பு வைரத்தில் ஏறிவிட்டு நடுச்சரிவில் வண்டியைப் போட்டுக்கொண்டு நிற்பதும், மூன்று பேர் சேர்ந்து தூக்குவதும் வாராந்திரக் காட்சி.

புழுதியில் இருந்த விஷம்

வேலிக்கு வெளியே ஓட்டுவதே நிஜமான ஓட்டம் என்று சொல்பவர்களுக்கு ஹாலிஸ்டரைத் தலைநகராகக் கொண்ட அதே சான் பெனிட்டோ மாவட்டத்தில் இன்னொரு இடம் இருந்தது. மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள கிளியர் கிரீக். நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் இருந்த பரந்த மலைப்பகுதி, மொட்டைச் சரிவுகள், பழைய பாதரசச் சுரங்கங்கள். பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு கூடாரமடித்து ஓட்டிய இடம்.

அந்தச் சரிவுகள் மொட்டையாக இருந்ததற்குக் காரணம் செர்ப்பென்டைன் என்ற பாறை. அதிலிருந்து உண்டாகும் மண்ணில் செடிகள் எளிதில் வளராது. அந்தப் பாறையில் இயற்கையாகவே ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் உண்டு. நம் ஊரில் கூரைத் தகடாகத் தெரிந்த அதே ஆஸ்பெஸ்டாஸ்தான். நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. மண்ணில் அது இருப்பது முன்பே தெரியும். ஓட்டுபவரின் மூக்குக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004, 2005 ஆண்டுகளில் இதை நேரடியாகவே சோதித்தது. ஆட்களுக்குப் பாதுகாப்பு உடையும் முகமூடியும் மாட்டி, காற்றை உறிஞ்சும் கருவியை உடம்பில் கட்டி, பைக்கில் ஏற்றி அந்தப் பாதைகளில் ஓட வைத்தது. குழுப் பயணம் எப்படி நடக்குமோ அப்படியே, ஒருவர் பின் ஒருவராக.

முன்னால் போனவரை விடப் பின்னால் போனவர்களின் கருவியில்தான் இழைகள் அதிகம் சேர்ந்திருந்தன. புழுதியைக் கிளப்புகிறவர் ஒருவர், சுவாசிக்கிறவர் இன்னொருவர். வழக்கமாகக் குழந்தைகளை எங்கே விடுவார்கள்? வழி தெரிந்த அப்பா முன்னால், பிள்ளை பின்னால்.

முகமையின் அறிக்கை வெளியான 2008 மே மாதத்திலேயே பணியகம் சுமார் 31,000 ஏக்கரை மூடியது. ஓட்டிகள் கொதித்தார்கள். இத்தனை வருடம் ஓட்டிய எங்களில் யாருக்கு என்ன ஆனது என்று கேட்டார்கள். மாநிலத்தின் சாலை சாரா வாகன ஆணையமே வேறொரு ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. ஆபத்து அவ்வளவு பெரிதல்ல என்று 2011-ல் அந்த ஆய்வு சொன்னது. முகமை தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. சாலையில் ஓட்ட உரிமம் பெற்ற வண்டிகளைக் குறிப்பிட்ட பாதைகளில் மட்டும் அனுமதிப்பது என்று 2014-ல் பணியகம் முடிவெடுத்தது. மண் பாதைக்கென்றே செய்த பைக்குகளுக்கு அங்கே இடமில்லை என்றானது.

அந்தப் பைக்குகளுக்கு மாவட்டத்தில் மிஞ்சியது ஹாலிஸ்டர் ஹில்ஸ். வறண்ட மாதங்களில் அங்கே பந்தயத் தடங்களில் புழுதி அடங்கத் தண்ணீர் லாரி ஓடும். குழுவாகப் போகிறவர்கள் முன்னால் போனவரின் புழுதி அடங்கும்வரை நின்று, இடைவெளி விட்டுக் கிளம்புவார்கள்.